செல்லை ஆராயப் போகிறேன் என்கிறாளா மகள்?

அம்மா, "இவ்வளவு மார்க் வாங்கிவிட்டு, உடம்பில் இருக்கும் செல்லுக்கு, அதாவது உயிரணுவுக்கு வரும் ஸ்ட்ரெஸ்ஸை ஆராயப் போகிறேன் என்கிறாளே, இதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டிருந்தீர்கள். வேலைதான். ஆனால் நல்ல சம்பளம் கைக்கு வர நாளாகும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சூடு, பட்டினி, ஆக்சிஜன் குறைவு, நஞ்சு, இவைதான் செல்லுக்கு ஸ்ட்ரெஸ். சூடு கூடினால் உள்ளே இருக்கும் புரதங்கள் மடிப்புக் குலைந்து ஒட்டிக்கொள்ளும், முட்டையின் வெள்ளைக்கரு வெந்து கட்டியாவதுபோல. செல் உடனே வழக்கமான உற்பத்தியைக் குறைத்து, குலைந்ததைச் சரிசெய்யும் புரதங்களைத் தயாரிக்கும். சமாளிக்க முடியாவிட்டால் தன்னையே அழித்துக்கொள்ளும்.

இந்தத் துறை பிறந்ததே ஒரு தவறில். இத்தாலியில் ஃபெருச்சியோ ரிட்டோசா என்ற விஞ்ஞானி பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, யாரோ இன்குபேட்டரின் சூட்டைக் கூட்டிவைத்துவிட்டார்கள். குரோமோசோமில் வழக்கமில்லாத இடங்களில் புடைப்புகள். பாழாய்ப்போனது என்று குப்பையில் போட்டிருக்கலாம். அவர் உட்கார்ந்து பார்த்தார், 1962இல் வெளியிட்டார். அந்தப் புடைப்புகளுக்குப் பின்னால் இருந்த, சூட்டைச் சமாளிக்கும் புரதங்கள் பிடிபட 1974 ஆயிற்று. பன்னிரண்டு வருஷம்! பட்டினி போட்ட ஈஸ்ட் தன்னையே எப்படித் தின்கிறது என்று கண்டு 2016இல் நோபல் வாங்கிய ஜப்பானிய விஞ்ஞானி ஓசுமிக்குச் சொந்த ஆய்வகம் அமைந்தது 43 வயதில்.

மகளுக்கும் பட்டம், முதுகலை, பிறகு ஐந்தாறு வருஷம் பிஎச்டி, அதற்குமேல் போஸ்ட்டாக் என்ற தற்காலிக ஆய்வு வேலை என்று நீளும். பேராசிரியர் பதவிகள் குறைவு, அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். மருந்து ஆராய்ச்சியிலும் இந்த அறிவு வேண்டும். மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு 2003இல் வந்த போர்டெசோமிப், செல்லின் குப்பை அகற்றும் வழியை அடைக்கிறது. அளவுக்கு மீறிப் புரதம் தயாரிக்கும் அந்தச் செல்கள் திணறிச் சாகின்றன. இப்படி யோசிக்கத் தெரிந்தவர்களைத்தான் கம்பெனிகள் தேடும். கூடவே புள்ளியியலும் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியும் கற்றுக்கொள்ளட்டும். இதில் நான் கறார்.

சேர்ப்பதற்குமுன் ஒரு லீவில் இரண்டு மாதம் ஏதாவது ஆய்வகத்தில் விடுங்கள். 37 டிகிரியில் வளரும் செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் பசிக்கும். அவை வளரும் இளஞ்சிவப்பு ஊட்டத் திரவம் மஞ்சளாகிவிட்டால், புதிதாக ஊற்ற ஆள் வந்தாக வேண்டும். பேராசிரியரிடம் கேட்பதைவிட, அங்கே நாலாம் வருஷத்தில் இருக்கும் பிஎச்டி மாணவரிடம் அவள் பேசட்டும். உண்மை அங்கேதான் கிடைக்கும்.

திரும்பி வந்ததும் "என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்காதீர்கள். "என்ன சொதப்பியது?" என்று கேளுங்கள். அரைமணி நேரம் நிறுத்தாமல் சொன்னாள் என்றால் எனக்கு ஒரு போன் போடுங்கள், எந்தப் படிப்பில் சேர்க்கலாம் என்று உட்கார்ந்து பேசுவோம்.