ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்

போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு கலிஃபோர்னியா ஃபோன்டானாவுல இருந்து ஒரு அப்பா, பொண்ணு படிப்புக்கு ஆலோசனை கேட்டு என்னைக் கூப்பிட்டாரு. பொண்ணு பன்னெண்டாவது, காலேஜ் அப்ளிகேஷன் போடுற சீசன், பின்னாடி அம்மா அழுற சத்தம் கேக்குது. "மேடம், பாலைவனத்துல ஆமை எண்ணப் போறேங்கிறா"ன்னாரு. ஊர்ல இருந்து பெரியப்பா வேற வாய்ஸ் நோட் அனுப்பியிருக்காராம், ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு. (கடனுக்கு ஜப்தி பண்ண வர்ற கோர்ட் ஆளுதான் அமீனா.) முதல் பத்து நிமிஷம் நானும் "பதட்டப்படாதீங்க அண்ணா, இந்த வயசுல அப்படித்தான் இருப்பாங்க"ன்னு தடவிக் குடுத்துட்டு இருந்தேன், அப்புறம் எனக்கே போலியா பட்டுச்சு. அன்னைக்கு சொன்னது, சொல்லாம விட்டது ரெண்டையும் அவர் சம்மதத்தோட எழுதுறேன்.

அண்ணா, உங்க மனசுல இருக்கிறது கிழக்குப் பக்கம் ஒரு பிரைவேட் யுனிவர்சிட்டி, கம்ப்யூட்டர் சயின்ஸ், தங்குறது சாப்பாடு எல்லாம் சேத்து வருஷத்துக்கு 90,000 டாலர் பக்கம். நாலு வருஷத்துக்கு 3,60,000. அதுல பாதிக்கு மேல கடன், கையெழுத்து உங்களோடது, படிக்கப் போற புள்ளைக்கு அந்தப் படிப்பு வேண்டாம். பெரியப்பா பழமொழியில பாதியைத்தான் பாத்திருக்காரு. ஆமை உங்க வீட்டுக்கு வருமோ வராதோ எனக்குத் தெரியாது, அமீனா எந்த வழியா வருவார்னு நல்லா தெரியுது. இதுல நான் இறங்கி வரமாட்டேன்.

கம்ப்யூட்டர், டாக்டர் படிப்புக்கு முந்தின ப்ரீ-மெட் பத்தியெல்லாம் நான் இங்க பேசப் போறதில்ல, அதுக்கு உங்க வாட்ஸ்அப் குரூப்ல ஆள் இருக்கு.

நீங்களே சொன்ன கதையை எடுத்துக்கறேன். வேகாஸ் போற வழியில மொஹாவி பாலைவனத்துல கெல்சோ மணல்மேட்டுக்கிட்ட வண்டியை நிறுத்தினீங்க, கிளம்புறப்ப பொண்ணு ஸ்டார்ட் பண்ண விடாம முட்டி போட்டு வண்டிக்கு அடியில பாத்துட்டுதான் ஏறினா, நீங்க கத்தினீங்க. அண்ணா, அந்த ஊர்ல ஆமை சர்வே பண்றவங்க கத்துக்கற பாடங்கள்ல முக்கியமானதே அதுதான். வெயிலுக்கு நிழல் தேடி ஆமை நின்ன வண்டிக்கு அடியில வந்து படுத்துக்கும். யாரும் சொல்லித் தராம அவ அதைச் செஞ்சிருக்கா. இதைவிட பெரிய ஆப்டிட்யூட் டெஸ்ட் என்கிட்ட இல்ல.

இது பொழுதுபோக்குன்னு நெனச்சீங்கல்ல, அதான் தப்பு. மொஹாவி ஆமை 1990-ல இருந்து ஃபெடரல் சட்டப்படி அழிவு அபாயத்துல இருக்கிற இனம். அதோட இடத்துல சோலார் பிளான்ட், ஹைவே, கரண்ட் லைன் எது போட்டாலும் முதல்ல ஆமை இருக்கான்னு ஆள் விட்டுப் பாக்கணும், வேலை நடக்கறப்பவும் ஆள் நிக்கணும். நெவாடா பார்டர்கிட்ட இவான்பா சோலார் பிளான்ட் கட்டுறப்ப 38 ஆமையை இடம் மாத்தத்தான் அனுமதி வாங்கியிருந்தாங்க, உள்ள போனா அதைவிட எத்தனையோ மடங்கு இருக்குன்னு தெரிஞ்சு 2011-ல ஒரு பெரிய பகுதியில கொஞ்ச நாள் வேலையையே நிறுத்த வேண்டியதாப் போச்சு. முன்னாடியே சரியா எண்ணுற ஆளுக்கு என்ன மதிப்புன்னு அந்த கம்பெனிக்காரங்களைக் கேட்டாத்தான் தெரியும்.

எண்ணுறதுன்னா சும்மா சுத்திப் பாக்கிறது இல்ல. ஒரு நிலத்துல ஆமை இருக்கான்னு பாக்க பத்து மீட்டர் பத்து மீட்டரா பட்டை பிரிச்சு, ஜிபிஎஸ்ஸை கையில வச்சுக்கிட்டு மொத்த இடத்தையும் நடந்தே தீக்கணும். மொத்தமா எத்தனை இருக்குன்னு கணக்கு போடுற சர்வேன்னா ரெண்டு ரெண்டு பேரா, முன்னாடி போறவர் 25 மீட்டர் கயிறை இழுத்துக்கிட்டு போக பின்னாடி ஒருத்தர், பன்னெண்டு கிலோமீட்டர் வரைக்கும். இதுக்குப் பழக ஸ்டைரோஃபோம்ல செஞ்ச பொம்மை ஆமைங்களைப் பாலைவனத்துல ஒளிச்சு வச்சுட்டு கண்டுபிடின்னு விடுவாங்க, எத்தனை கண்ணுல படாமப் போச்சுங்கிறதையும் கணக்குல எடுப்பாங்க. ஏன்னா நிஜ ஆமை தன் வாழ்க்கையில முக்கால்வாசிக்கு மேல வளைக்குள்ளேயேதான் இருக்கும். வளையோட வாய் அடி தட்டையா, மேல வளைஞ்சு அரை நிலா மாதிரி இருக்கும். உள்ள பாக்க ஒரு சின்னக் கண்ணாடியில சூரிய வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பாங்க, கையை விடமாட்டாங்க, உள்ள விரியனோட சொந்தக்காரன் ராட்டில்ஸ்னேக் இருக்கலாம். (ஃபோனுக்குப் பின்னாடி அழுத அக்கா, நீங்க பயந்தது இதுக்குத்தானே. அதான் கண்ணாடி. தனியாவும் அனுப்ப மாட்டாங்க.)

தொடுறது அடுத்த படி. பயந்தா ஆமை மூத்திரம் விட்டுரும், அது நமக்கு அசிங்கம், அதுக்கு மாசக்கணக்கா சேத்து வச்ச தண்ணி, வறட்சியில அது போனா உயிரே போகலாம். அதனால தூக்குனா ஆட்டாம அசைக்காம தரைக்குப் பக்கத்துலயே பிடிக்கணும், ஒவ்வொரு ஆமைக்கும் புது கிளவ்ஸ், மூச்சுக்குழாய் நோய் ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு ஒட்டிடும், 95 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டினா கையே வைக்கக் கூடாது. இதுக்கு ஆத்தரைஸ்டு பயாலஜிஸ்ட்னு தனி அங்கீகாரம், ஃபெடரல் வனவிலங்கு இலாகா உங்க அனுபவத்தைப் பாத்துத்தான் தரும். டெசர்ட் டார்ட்டாய்ஸ் கவுன்சில்னு ஒரு அமைப்பு பல வருஷமா ரிட்ஜ்கிரெஸ்ட் ஊர்ல இதுக்கு ஒர்க்‌ஷாப் நடத்துறாங்க, சர்வே, அளக்கிறது, வளையை கையால தோண்டுறது எல்லாம். அந்த சர்டிபிகேட் மட்டும் வச்சுக்கிட்டு ஆமையைத் தொட முடியாது, ஆனா ஆரம்பக் கதவு அதுதான்.

செலவுக்கு வர்றேன். அதே ரிட்ஜ்கிரெஸ்ட்ல செரோ கோசோ கம்யூனிட்டி காலேஜ் இருக்கு, முதல் ரெண்டு வருஷப் படிப்பை குறைஞ்ச செலவுல முடிக்கிற அரசு காலேஜ். கலிஃபோர்னியாவுல குடியிருக்கிறவங்களுக்கு யூனிட்டுக்கு (பாடங்களை அளக்கிற கணக்கு) 46 டாலர், 60 யூனிட் முடிக்க 2,760. முதல் தடவையா ஃபுல்டைம் சேர்றவங்களுக்கு ரெண்டு வருஷம் இதையும் தள்ளுபடி பண்ற காலேஜ் நிறைய, கேட்டுப் பாருங்க. அப்புறம் கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டியோட சான் பெர்னார்டினோ கேம்பஸ் மாதிரி ஒரு இடத்துக்கு டிரான்ஸ்ஃபர், பயாலஜி, கூடவே கம்ப்யூட்டர்ல மேப் போடுற ஜிஐஎஸ்ஸும் தாவரம் அடையாளம் காணுறதும் கண்டிப்பா எடுக்கணும். சான் பெர்னார்டினோன்னா வீட்டுல இருந்தே போகலாம், தங்குற செலவு மிச்சம். "கம்யூனிட்டி காலேஜா?"ன்னு இழுத்தீங்க பாருங்க, டிகிரியில கடைசியா படிச்ச காலேஜ் பேருதான் இருக்கும், அந்த இழுப்புக்கு மூணு லட்சம் டாலர் குடுக்காதீங்க.

இனிப்பா மட்டும் சொல்ல மாட்டேன். ஆரம்பத்துல இது சீசன் வேலை, வசந்தத்துலயும் இலையுதிர் காலத்துலயும் கிடைக்கும், நடுவுல பறவை சர்வே, செடி சர்வேன்னு ஓட்டணும், டென்ட்ல படுக்கணும், சாஃப்ட்வேர் சம்பளத்தை எதிர்பாக்கவே கூடாது. இன்னொண்ணு, உங்க பொண்ணு அங்கேயே பிறந்தவ, அதனாலதான் இவ்வளவு தைரியமா சொல்றேன். வேலை விசாவுல வந்தவங்க குடும்பத்துக்குத் தர்ற ஹெச்4 விசாவுல இருக்கிற புள்ளைன்னா 21 வயசுல அந்த விசா போயிடும், ஃபெடரல் வேலை பெரும்பாலும் சிட்டிசனுக்குத்தான், அந்த வீட்டுக்கு நான் இதே வழியை சொல்லியிருக்க மாட்டேன்.

இப்ப செய்ய வேண்டியது ரெண்டுதான். நிதி உதவி ஃபார்ம் மார்ச் 2-க்குள்ள போயாகணும், அதை உங்க கையாலேயே போடுங்க. ஏப்ரல்ல ஒரு நாள் காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி கலிஃபோர்னியா சிட்டிக்கிட்ட இருக்கிற ஆமைகள் காப்பகத்துக்கு மூணு பேரும் போங்க, அம்மாவையும் கூட்டிக்கிட்டு, பொண்ணு நடக்கட்டும், நீங்க அவ முகத்தை மட்டும் பாருங்க. மே 1-க்குள்ள டெபாசிட் கட்டச் சொல்லி அந்த கிழக்குப் பக்கத்துக் காலேஜ்ல இருந்து மெயில் மேல மெயில் வரும். கட்டுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு ஃபோன் போடுங்க, பதினோரு மணின்னாலும் சரி.