“எழுநூறு அடியிலும் புகைதான்”: நிலத்தடி நீர் கேள்வி பதில்

முப்பது ஆண்டுகளாகக் கிணற்றுக்குள்ளும் ஆழ்துளை (போர்) குழிக்குள்ளும் எட்டிப் பார்த்தே பிழைத்தவன் நான். படித்தது ஜியாலஜி, வேலை நிலத்தடி நீர். கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். “தண்ணி கொறஞ்சு போச்சு” என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த மாதம், எத்தனை அடியில் நின்றது, இப்போது எத்தனை அடியில் நிற்கிறது என்று எழுதுங்கள். மருத்துவரிடம் போய் “உடம்பு சரியில்லை” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்க முடியுமா?

பல்லடம்: ஐயா, 700 அடி போர் போட்டேனுங்க, கடைசி வரைக்கும் காஞ்ச கல்லுத்தூள் புகைதான் வந்துச்சு. வேலியொட்டி இருக்குற பங்காளி தோட்டத்துல 240 அடியில ஒன்றரை இன்ச் ஓடுது. ரிக் வண்டிக்காரர் ஆயிரம் போலாங்கறார். போலாமுங்களா?

போகாதீர்கள். காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

தமிழ்நாட்டுப் பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடினப் பாறை. உங்கள் பக்கம் நைஸ், சில இடங்களில் சார்னோகைட். (சார்னோகைட்டுக்குப் பேர் வந்த கதை வேடிக்கையானது. கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் நம்ம பல்லாவரம் பக்கத்துக் கல்தான். அதைப் பார்த்துத்தான் தாமஸ் ஹாலந்து என்ற ஜியாலஜிஸ்ட் 1893இல் அந்தப் பேரை வைத்தார். பல்லாவரத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய பேர்!)

ஆற்று மணலில் மணலுக்கு மணல் இடைவெளி உண்டு, தண்ணீர் அதில் ஊறி நிற்கும். உங்கள் கல்லை உடைத்துப் பார்த்தால் உள்ளே ஈரமே இருக்காது. அதில் தண்ணீருக்கு இரண்டே இடம்தான். ஒன்று, மேலே மக்கிப் பொடிந்த பாறை. இன்னொன்று, அதற்குக் கீழே இருக்கும் விரிசல். விரிசல் என்றதும் கை நுழையும் பிளவை நினைக்காதீர்கள், பல இடங்களில் விரல் நகம்கூட நுழையாது. பங்காளியின் போர் அப்படி ஒன்றைக் குத்திவிட்டது, உங்களுடையது தவறவிட்டது. பூமிக்கடியில் ஆறு ஓடுவதாகவும், எல்லாரும் ஆழம் போனால் அதைத் தொட்டுவிடலாம் என்றும் ஒரு நினைப்பு ஊரெல்லாம் இருக்கிறது. நம் பாறையில் அப்படி எதுவும் ஓடவில்லை.

ஆழம் போகப் போக மேலே இருக்கும் பாரம் விரிசல்களை நெருக்கி மூடும். ஐதராபாத்தை அடுத்த மகேசுவரத்தில் இந்திய, பிரெஞ்சு ஆய்வாளர்கள் கிரானைட் பாறையைப் பல ஆண்டுகள் அளந்தார்கள். தண்ணீர் தரும் விரிசல்களில் பெரும்பகுதி முதல் 30, 40 மீட்டருக்குள்ளேயே இருந்தது. எண்ணூறு அடியில் தண்ணீர் அடித்த கதையும் உண்டுதான், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தத் தண்ணீர் வெகுகாலமாகத் தேங்கியது. நாம் எடுக்கும் வேகத்துக்கு மழை போய் அதை நிரப்பாது. முதல் கோடையில் பாய்ந்தது மூன்றாம் கோடையில் காற்றாக வரும்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். கேசிங் (மேல் மண் சரியாமல் போருக்குள் இறக்கும் குழாய்) எத்தனை அடி இறங்கியது, உங்களுக்கும் பங்காளிக்கும்? கேசிங் நிற்கும் இடம்தான் மக்கிய பாறை முடியும் இடம். பதில் எழுதுங்கள்.

திருமங்கலம்: அண்ணே, எங்க ஊர்ல தேங்காய உள்ளங்கைல வச்சு நீரோட்டம் பாக்குறாரு ஒருத்தரு. தேங்கா தானா எந்திரிச்சு நிக்குது. சயின்ஸ் என்ன சொல்லுது?

தேங்காய் எழுந்து நிற்பது உண்மைதான், நானும் பார்த்திருக்கிறேன். அதைக் கீழே இருக்கும் தண்ணீர்தான் நிற்க வைக்கிறதா என்பதல்லவா கேள்வி. ஜெர்மனியில் மியூனிக் அருகே 1987, 88இல் ஒரு களஞ்சியத்தில் சோதித்தார்கள். கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை இடம் மாற்றி மாற்றி வைப்பது, மேல்தளத்தில் குச்சி பிடித்து நீரோட்டம் பார்ப்பவர் அது எங்கே என்று சொல்வது. சுமார் 500 பேரில் கெட்டிக்காரர்கள் என்று 43 பேரைத் தேர்ந்து, 843 தடவை பார்த்தார்கள். ஆய்வை நடத்தியவர்கள் ஒரு சிலருக்குத் திறமை இருப்பதாகத்தான் எழுதினார்கள். அதே எண்களைப் பின்னால் எடுத்து அலசிய அமெரிக்க விஞ்ஞானி ஜிம் என்ரைட், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் இவ்வளவுதான் சரியாக வரும் என்று காட்டினார்.

அப்படியானால் ஊரில் அவருக்கு எப்படிப் பலிக்கிறது? முதல் காரணம், மக்கிய பாறை ஆழமாக இருக்கும் ஊரில் எங்கே குத்தினாலும் கொஞ்சம் வரும். இரண்டாவது, அனுபவப்பட்டவர் கண் பள்ளத்தையும் மரத்தையும் புற்றையும் பார்த்துக்கொண்டேதான் நடக்கிறது. அந்தக் கண்ணை நான் மதிக்கிறேன், தேங்காயை அல்ல.

எங்கள் கருவி மட்டும் சாமியா என்று கேட்பீர்கள். மின்தடை ஆய்வில், அதாவது நிலம் கரண்டை எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கும் ஆய்வில், நான்கு கம்பிகளை ஒரே நேர்கோட்டில் அடிப்போம். வெளி இரண்டின் வழியாகக் கரண்டை மண்ணுக்குள் விட்டு, உள் இரண்டில் மின்னழுத்தம் பார்ப்போம். காய்ந்த பாறை கரண்டை விடாது, ஈரம் உள்ள மக்கிய பாறை விடும். வெளிக் கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடிக்க, இன்னும் ஆழத்தில் இருப்பது தெரியும். தொல்லை என்னவென்றால் களிமண்ணும் உப்புத் தண்ணீரும் இன்னும் நன்றாகக் கரண்டை விடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் விழுப்புரம் பக்கம் “இங்கே போடுங்கள்” என்று தைரியமாகச் சுண்ணாம்புக் குறி வைத்தேன். குழம்பு மாதிரி களி வந்தது. அந்த விவசாயி ஒன்றும் சொல்லவில்லை, மோர் கொடுத்து அனுப்பினார். இன்றைக்கும் அந்த மோர் தொண்டையில் நிற்கிறது.

ராசிபுரம்: ஒரு இன்ச், ரெண்டு இன்ச் தண்ணினு சொல்றாங்களே, ரெண்டு இன்ச்சுனா ரெண்டு மடங்கா?

இல்லை, இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். V வடிவில் 90 பாகை வெட்டிய வி-நாட்ச் தகட்டில் தண்ணீர் நிற்கும் உயரம்தான் அந்த இன்ச். ஒரு இன்ச் என்றால் நிமிடத்துக்கு 8, 9 லிட்டர். இரண்டு இன்ச் என்றால் சுமார் 48 லிட்டர், ஐந்தரை மடங்குக்கும் மேல். உயரம் கூடும்போது அகலமும் கூடவே கூடுகிறதே! கண்மதிப்பில் “ரெண்டு இன்ச்” என்பவரிடம் தகட்டை வைக்கச் சொல்லுங்கள். தகடு இல்லையென்றால் ஒரு குடமும் கைக்கடிகாரமும் போதும்.

பொன்னேரி: சார், தாத்தா காலத்துல எங்க கெணத்துத் தண்ணி இளநீர் மாதிரி இருக்குமாம். இப்ப வாயில வைக்க முடியல. கடல் எங்க ஊருல இருந்து ரொம்ப தூரம். எப்படி உப்பு வந்துச்சு?

நிலத்தடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல்நீர் நூற்றுக்கு இரண்டரை பங்கு கனம் கூடியது. அந்தச் சின்ன வித்தியாசத்தால் வருகிற கணக்கு பெரிது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே 40 அடி வரை நல்ல தண்ணீர். மேலே ஒரு அடி இறைத்தால் கீழே உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். உடனே ஏறாது, ஏறியபின் இறக்குவது பெரும்பாடு.

உங்கள் பகுதியில் நடந்தது பாடப்புத்தக உதாரணம். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கொட்டிய மணலில் அருமையான தண்ணீர் இருந்தது. 1960களில் ஐ.நா. உதவியோடு ஆராய்ந்து சென்னைக்காகக் கிணற்று வயல்கள், அதாவது கூட்டம் கூட்டமாகக் கிணறுகள், அமைத்தார்கள். விவசாயமும் இறைத்தது, தொழிற்சாலைகளும் இறைத்தன, நகரமும் இறைத்தது. 1969லேயே மீஞ்சூர்ப் பக்கம் உப்பு ஏறியது பதிவாகிவிட்டது. அதன்பின் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. ஆற்றின் குறுக்கே தடுப்பணை கட்டிய இடங்களில் கொஞ்சம் பின்வாங்குகிறது. உங்கள் கிணறு தடுப்பணைக்கு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று எழுதினால் மேலே பேசலாம்.

யாழ்ப்பாணம்: ஐயா, நிலாவரைக் கிணத்துக்கு அடியே இல்லையெண்டு அம்மம்மா சொல்லுவா. மேல நல்ல தண்ணி, ஆழத்தில உப்புத் தண்ணி எண்டும் சொல்லுகினம். உண்மையோ? எங்கட வளவுக் கிணத்திலயும் மோட்டர் கனநேரம் ஓடினா உவர்க்குது.

அடி இருக்கிறது. மேலே நன்னீர், கீழே உவர்நீர் என்பது முழு உண்மை. பொன்னேரிக்காரருக்குச் சொன்ன அதே மிதக்கும் கணக்குத்தான், உங்களுக்கு மணலுக்குப் பதில் சுண்ணக்கல். மழைநீர் அந்தக் கல்லைக் கரைத்துக் குகையும் குழாயுமாக ஆக்கிவிடும். நிலாவரை அப்படிக் கூரை இடிந்து வாய் திறந்த ஒன்று. குடாநாட்டில் சொல்லிக்கொள்ள வழுக்கையாறு ஒன்றுதான், அதுவும் மாரியில் மட்டும். எல்லாத் தண்ணீரும் மழை கொடுத்தது.

உங்கள் மோட்டர் ஓடும்போது கிணற்றுக்கு நேர் கீழே உப்புநீர் கூம்பு மாதிரி எழும்புகிறது. துலாவில் இறைத்த காலத்தில் அதற்கு நேரமே கிடைக்கவில்லை. அரைமணி இறைத்து, நிறுத்தி, பிறகு இறையுங்கள். பம்பின் வாயைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. சுண்ணக்கல் எதையும் வடிகட்டாது. வெங்காயத் தோட்டத்து உரமும் மலக்குழியும் நேரே கிணற்றுக்கு வரும். நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டில் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை இருந்தால் முதலில் இதைச் சோதியுங்கள். நைட்ரேட்டுக்கு ருசி இல்லை.

மட்டக்களப்பு: கடல் வந்த நேரம் எங்கட கிணறெல்லாம் உப்பாப் போச்சு. கிணத்த இறைச்சுக் கழுவுங்க எண்டாங்க, கழுவக் கழுவ உப்புக் கூடிச்சு. ஏன்?

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் உங்கள் கரையோரக் கிணறுகளைச் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவன ஆய்வாளர்கள் மாதக்கணக்கில் அளந்தார்கள். நீங்கள் கண்டதைத்தான் அவர்களும் கண்டார்கள். குப்பையும் சேறும் எடுக்க ஒருமுறை இறைத்தது சரி. திரும்பத் திரும்ப இறைத்தபோது மண்ணுக்குள் இறங்கியிருந்த உப்புநீரும் அடியிலிருந்த உப்புநீரும் கிணற்றை நோக்கி வந்தன. உப்பைக் கழுவியது மழைதான், பருவமழைகள் வந்து போன பிறகு. இனி எப்போதாவது அப்படி நேர்ந்தால் ஒருமுறை மெதுவாக இறைத்துச் சுத்தம் செய்யுங்கள், பிறகு கையைக் கட்டிக்கொண்டு மழைக்குக் காத்திருங்கள். கை கட்டி நிற்பதுதான் கடினம், தெரியும்.

பென்னாகரம்: எங்க ஊர்ல பசங்களுக்குப் பல்லு பழுப்பா இருக்கு. தண்ணிய நல்லா கொதிக்க வெச்சுக் குடிச்சா போகுமா சார்?

போகாது, கூடும். கொதிக்கும்போது தண்ணீர் ஆவியாகும், ஃபுளோரைடு பாத்திரத்திலேயே நிற்கும். கொதிக்க வைப்பது கிருமிக்குத்தான். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பாறைகளில் ஃபுளோரைடு உள்ள கனிமங்கள் உண்டு. ஆழ்துளையில் தண்ணீர் வெகுநாள் கல்லோடு கிடப்பதால் கரைகிறது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் ஆகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். குடிக்கவும் சமைக்கவும் அந்தக் குழாய்த் தண்ணீரை மட்டும் எடுங்கள், போர் தண்ணீர் துணிக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் இருக்கட்டும். பல் உருவாகும் வயதில், சுமார் எட்டு வயது வரை, குடித்ததுதான் கறையாக வரும். ஆகவே கடைக்குட்டியிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஆம்பூர்: பூகம்பம் வந்தா கெணத்துத் தண்ணி ஆடும்ங்கறது நெசமா?

நிஜம். 2004 சுமத்ரா நிலநடுக்கத்தின் அதிர்வு அமெரிக்காவில் வர்ஜீனியாவில் இருந்த ஒரு கண்காணிப்புக் கிணற்றில் நீரை மூன்று அடி ஏற்றி இறக்கியது. பூமியின் மறுபக்கம்! முன்கூட்டிச் சொல்லுமா என்றால், அதை நம்பி யாரையும் வீட்டைவிட்டு வெளியேறச் சொல்ல முடியாது.

பாலக்காடு: எங்க வீட்டு மோட்டார் குழாய்ல சிவப்பா, கண்ணே இல்லாத ஒரு குட்டி மீன் வந்தது. தண்ணியைக் குடிக்கலாமா?

இன்றைய கேள்விகளில் எனக்குப் பொறாமை தந்தது இதுதான். வெட்டுக்கல் பாறையின் பொந்துகளுக்குள், வெளிச்சமே பார்க்காமல் வாழும் கெளுத்தி இனம் அதுவாக இருக்கலாம். ஹோராக்ளானிஸ் என்று பேர். முதல் இனம் 1950இல் கோட்டயத்துக் கிணற்றிலிருந்து விவரிக்கப்பட்டது. 2023இல் விவரிக்கப்பட்ட இன்னொன்றுக்குப் ‘பாப்புலி’ என்று, மக்களின் பேரையே வைத்தார்கள். கிணறு தூர் எடுக்கும்போதும் குழாயில் வரும்போதும் ஆய்வாளருக்குச் சொல்லி அனுப்பியது ஊர்க்காரர்கள்தான். மீனால் தண்ணீர் கெடாது, குடிக்கலாமா என்பதை ஆய்வுக்கூடம்தான் சொல்லவேண்டும். மீனைத் தண்ணீரோடு பாட்டிலில் விட்டுப் படம் எடுங்கள், பக்கத்துக் கல்லூரி விலங்கியல் துறைக்குச் சொல்லுங்கள். கிணற்றில் குளோரினைக் கொட்ட வேண்டாம்.

பல்லடம் (மறுபடியும்): கேட்டுட்டு வந்துட்டேனுங்க. எனக்குக் கேசிங் 18 அடி, பங்காளிக்கு 65 அடி.

பார்த்தீர்களா, விடை அதிலேயே இருக்கிறது. அவர் நிலத்துக்கடியில் 65 அடிக்கு மக்கிய பாறை, பஞ்சு மாதிரி மழையைப் பிடித்து வைத்துக் கீழே இருக்கும் விரிசலுக்குச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கிறது. உங்களுக்கு 18 அடியில் கல். உங்கள் நிலத்திலேயே அவர் வேலியை ஒட்டிய பள்ளமான மூலையில் ஆய்வு செய்து பாருங்கள். ஆனால் அங்கே வந்தாலும் அது அவர் குடிக்கும் அதே தண்ணீர்தான். முதலில் பேசிவிட்டுப் போடுங்கள், பங்காளியாயிற்றே.

அந்த 700 அடிக் குழி இப்போது எப்படி இருக்கிறது? மேலே சாக்கு கட்டி, கல் வைத்திருந்தால் போதாது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது கைவிட்ட ஒரு குழியில்தான். கேசிங் வாயில் இரும்புத் தகட்டை வைத்துப் பற்றவைப்பது அரைமணி வேலை. குழி வேண்டவே வேண்டாம் என்றால் களிமண்ணும் மணலும் கல்லும் கொட்டித் தரைமட்டம் வரை அடையுங்கள். மழைநீர் இறக்கப் பயன்படுத்தலாம் என்று சொல்வார்கள். விரிசலே இல்லாத குழி தண்ணீரை வாங்காது, தொட்டி மாதிரி நிரம்பி நிற்கும்.

வெல்டரை நாளைக் காலையே வரச் சொல்லுங்கள். முடிந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

பல்லடம்: இன்னைக்கே கூப்புட்டேனுங்க. தகடு வச்சாச்சு.