டோர் உலாவி நம் அடையாளத்தை எப்படி மறைக்கிறது?

யார் எந்தத் தளத்தைப் பார்க்கிறார் என்பதை ஒரே இடத்திலிருந்து கண்டுபிடிக்க விடாத வலையமைப்புதான் டோர். உலாவி உங்கள் கோரிக்கையை மூன்று அடுக்காகக் குறியாக்கம் செய்து, மூன்று கணினிகள் வழியே அனுப்பும். உறைக்குள் உறை வைத்த கடிதம் போல, ஒவ்வொன்றும் தன் உறையை மட்டுமே பிரிக்கும். முதல் கணினிக்கு அனுப்பியவரைத் தெரியும், கடைசிக்குச் சேருமிடம் தெரியும். இரண்டும் சேர்த்துத் தெரிந்தது எதுவுமில்லை. அச்சமின்றிப் படிக்கவும் எழுதவும் இதுதான் காப்பு.

இக்கணினிகளின் பட்டியல் பொதுவில் கிடைப்பதால், தணிக்கை செய்யும் அரசுகள் மொத்தமாகத் தடுத்துவிடுகின்றன. அப்போது உலாவியின் அமைப்புகளில் (Settings) 'இணைப்பு' பகுதிக்குப் போய், அந்தப் பட்டியலில் இல்லாத நுழைவுக் கணினியான 'பிரிட்ஜ்' ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஸ்னோஃப்ளேக் என்ற பிரிட்ஜ் வகையில் உங்கள் இணைப்பு, வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் காணொளி அழைப்பு போலத் தெரியும். வேகம் குறையும், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

டோரில் இருந்தாலே யாரென்று தெரியாது எனப் பலர் நினைக்கிறார்கள்; சொந்தக் கணக்கில் உள்நுழைந்த கணமே அந்தத் தளத்துக்கு நீங்கள் யாரென்று தெரிந்துவிடும்.