மூஞ்சிய பாத்தே கண்டுபிடிச்சிடுவேன்

வணக்கம் அக்கா,

உங்க எழுத்த ரொம்ப நாளா படிக்கிறேன், எழுதுறது இதுதான் முதல் தடவ. ஸ்கூல் முடிச்சிட்டேன், டிகிரிக்கு சைக்காலஜி எடுக்கலாம்னு இருக்கேன், நீங்களும் அதுதான் படிச்சதா ஒரு கட்டுரைல சொல்லியிருந்தீங்க. என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் எந்த பிரச்சனைனாலும் என்கிட்டதான் வந்து கொட்டுவாங்க. ஒருத்தர் மூஞ்சிய பாத்தே பொய் சொல்றாங்களா இல்லையானு கண்டுபிடிச்சிடுவேன். அதனால எனக்கு இது செட் ஆகும்னு தோணுது. கணக்கு சுத்தமா வராது, அதுவும் ஒரு காரணம். என்னையே நான் கொஞ்சம் புரிஞ்சுக்கணும்னும் இருக்கு. வீட்ல "பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்க போறியா"னு கேக்குறாங்க. சேரலாமா? பேர் போடாதீங்க ப்ளீஸ்.

*

வாம்மா,

வீட்டு கேள்விய முதல்ல முடிச்சிடுறேன், அது சின்னது. டிகிரி வாங்குன கையோட நீ யாருக்கும் வைத்தியம் பாக்க முடியாது. மருந்து எழுதுற சைக்கியாட்ரிஸ்ட் டாக்டருக்கு படிச்சிட்டு வந்தவங்க. உக்காந்து பேசி சிகிச்சை குடுக்குற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகணும்னா டிகிரிக்கு மேல இன்னும் சில வருஷம் படிப்பு, அப்புறம் சீனியர் ஒருத்தர் மேற்பார்வைல ட்ரெய்னிங். வீட்ல இத அப்படியே சொல்லு.

இப்ப அந்த மூஞ்சி விஷயம். (சிரிக்கல. நானும் இதே வசனத்தோடதான் போய் சேர்ந்தேன்.) 2006-ல சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோனு ரெண்டு பேர், பொய்ய கண்டுபிடிக்கிறத பத்தி அதுவரைக்கும் வந்த ஆய்வுகள ஒண்ணா சேத்து கணக்கு போட்டாங்க. பொய்யா நிஜமானு தீர்ப்பு சொன்னவங்க மட்டும் இருபதாயிரம் பேருக்கு மேல. சரியா சொன்னது சராசரியா 54 சதவீதம். காச சுண்டி விட்டாலே 50 வரும்! அப்போ நமக்கு மட்டும் ஏன் எப்பவும் கரெக்ட்டா சொல்ற மாதிரியே இருக்குன்னா, மாட்டுன பொய்ய மட்டும்தான் நாம எண்ணுறோம், மாட்டாத பொய் நம்ம கணக்குல உண்மைனு உக்காந்திருக்கு.

ஃப்ரெண்ட்ஸ் வந்து கொட்டுறாங்கன்னியே, அதுலயும் ஒண்ணு இருக்கு. 1974-ல எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் காலேஜ் பசங்களுக்கு கார் விபத்து படம் போட்டு காட்டி, கார் என்ன ஸ்பீடுல போச்சுனு கேட்டாங்க. சில பேருகிட்ட கார் ரெண்டும் "மோதி நொறுங்கினப்போ"னு கேட்டாங்க, சில பேருகிட்ட "தொட்டுக்கிட்டப்போ"னு கேட்டாங்க. நொறுங்குச்சுனு காதுல விழுந்தவங்க சராசரியா மணிக்கு 41 மைல்னு சொன்னாங்க, தொட்டுக்கிச்சுனு கேட்டவங்க 32. இன்னொரு கூட்டத்த ஒரு வாரம் கழிச்சு கூப்பிட்டு உடைஞ்ச கண்ணாடி பாத்தீங்களானு கேட்டா, "நொறுங்கின" 50 பேருல 16 பேரு ஆமாங்கிறாங்க. படத்துல கண்ணாடியே உடையல. இப்ப உன் ஃப்ரெண்ட் அழுதுட்டு வந்து நிக்கிறா, நீ பாசத்துல "அவன் உன்ன எவ்ளோ கேவலமா பேசுனான்?"னு கேக்குற. அவன் பேசுனது அவளுக்கு நாளைக்கு எப்படி ஞாபகம் இருக்கும்ங்கிறதுல உன் கேள்விக்கும் பங்கு இருக்கு. காது குடுத்து கேக்குறது நல்ல குணம்தான், இல்லங்கல. ஆனா இந்த படிப்பு உன்ன முதல்ல உன் கேள்வி மேலயே சந்தேகப்பட வைக்கும், அத தாங்கிக்க முடியுமானு பாத்துக்கோ.

கணக்கு வராதுனு சைக்காலஜிக்கு வர்றது மழைக்கு பயந்து குளத்துல குதிச்ச கதை. இந்த துறை பொறந்ததே அளக்குறதுலதான், 1879-ல ஜெர்மனில லைப்சிக்ல வில்ஹெல்ம் வுண்ட் லேப் ஆரம்பிச்சப்போ, ஒரு சத்தம் கேட்டா ஆள் கைய அசைக்க எவ்ளோ நேரம் ஆகுதுனு அங்க அளந்துட்டுதான் இருந்தாங்க. எபிங்ஹாஸ்னு ஒருத்தர் அர்த்தமே இல்லாத ரெண்டாயிரத்து சொச்சம் அசைகள எழுதி வச்சுகிட்டு, தானே மனப்பாடம் பண்ணி, தானே மறந்து, எவ்ளோ மறந்துச்சுனு தானே கணக்கும் எழுதி 1885-ல வெளியிட்டாரு, வேற ஆளே கிடையாது. கனவு, ஆழ்மனசுனு பேசுன ஃப்ராய்ட் எங்களுக்கு ரெண்டே வாரத்துல முடிஞ்சிட்டாரு, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கடைசி வரைக்கும் கூடவே வந்துச்சு. அதுக்காக பயப்படாத, பெரும்பாலும் கூட்டல் பெருக்கல் வர்க்கமூலம்தான், அதயும் கம்ப்யூட்டர் போட்டுடும். கஷ்டம் வேற இடத்துல இருக்கு.

நான் ரெண்டாவது வருஷம் ஒரு பிராக்டிகல் பண்ணேன், பாட்டு ஓடிட்டு இருந்தா வார்த்தைகள் கம்மியா ஞாபகம் இருக்கும்னு நிரூபிக்கணும். இருபது பேர உக்கார வச்சு பாத்தா வித்தியாசம் வரவே இல்ல, எனக்கு ஒரே எரிச்சல். பட்டியல உத்து பாத்ததுல பாட்டு கேட்ட கூட்டத்துல ரெண்டு பேரு மட்டும் நிறைய மார்க் எடுத்திருந்தாங்க, அவங்க ஒழுங்கா உக்காரல, சிரிச்சுட்டே இருந்தாங்க, சரி தூக்கிடலாம்னு தூக்கிட்டேன், ரிசல்ட் அம்சமா வந்துடுச்சு. மேடம் ரெக்கார்ட பாத்துட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: "இவங்க ரெண்டு பேரும் கம்மியா எடுத்திருந்தா, சிரிச்சாங்கனு தூக்கியிருப்பியா?" பதில் சொல்ல வாய் வரல. அந்த மூணு வருஷத்துல நான் படிச்சதுல இன்னிக்கும் என்கூட இருக்குறது அந்த கேள்விதான்.

இது எனக்கு மட்டும் நடந்த கூத்து இல்ல. பேர் பெற்ற சைக்காலஜி ஜர்னல்கள்ல வந்த 100 ஆய்வ எடுத்து மறுபடி பண்ணி பாத்து 2015-ல வெளியிட்டாங்க, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கணக்குப்படி திரும்ப தேறுனது 36 சதவீதம்தான். அதனால கிளாஸ்ல சுவாரஸ்யமா ஒரு சோதனை கதை சொன்னா வாய பொளந்து கேளு, கேட்டுட்டு "எத்தன பேர வச்சு பண்ணாங்க, திரும்ப யாராவது பண்ணாங்களா"னும் கேளு. சில வாத்தியாருங்களுக்கு பிடிக்காது, பரவால்ல.

உன்ன புரிஞ்சுக்கணும்னு எழுதியிருக்கியே, அத ரெண்டு தடவ படிச்சேன். மன நோய்கள் பத்தின பேப்பர் வர்றப்போ வகுப்புல பாதி பேருக்கு எல்லா வியாதியும் தனக்கே இருக்குற மாதிரி தோணும், எனக்கு ஒரு வாரத்துல நாலு இருந்துச்சு. அது சும்மா வந்துட்டு போற பயம். ஆனா நெஜமாவே உன்ன ஏதோ அரிச்சுட்டு இருக்குன்னா டிகிரி அதுக்கு மருந்து இல்லம்மா, சிலபஸ் உனக்காக நின்னு கேக்காது. அதுக்கு தனியா ஒருத்தர பாரு, இப்பவே பாரு, அட்மிஷன் வரைக்கும் தள்ளி போடாத.

சேரலாமானு கேட்டதுக்கு ஒரு வேலை தரேன். ஒரு நோட்டு எடு. யாரோ பொய் சொல்றாங்கனு உனக்கு தோணுன உடனே, விசாரிக்கிறதுக்கு முன்னாடி, தேதி போட்டு எழுதிடு. உண்மைதான் சொல்றாங்கனு தோணுறதையும் அதே மாதிரி எழுது. அப்புறம் நிஜம் என்னனு தெரிய வர்றப்போ பக்கத்துல டிக்கோ இன்ட்டோ போடு. முப்பது சேந்ததும் எண்ணிப் பாரு. எண்ணுறதுக்கே போர் அடிச்சுதுன்னா தாராளமா வேற படி, ஃப்ரெண்ட்ஸ் அப்பவும் உன்கிட்டதான் வருவாங்க. இன்ட்டு போட கை வராம "இத மட்டும் விட்டுடலாம்"னு தோணுச்சுன்னா, தோணும், விடாம போட்டுட்டு அந்த நோட்டோட போய் சேரு. முப்பதுல எத்தனனு எனக்கும் எழுது.