அடைப்புக்குறிக்குள் எழுதிய வரி

கேள்வி: எனக்கு 52 வயது. மாதவிடாய் நின்று ஒன்றரை வருஷம் ஆகிறது. திடீர் திடீரென்று உடம்பு தகிப்பதும் ராத்திரி வியர்வையும் தாங்க முடியாமல் டாக்டரிடம் போனேன். தினமும் கையில் பூச ஈஸ்ட்ரோஜன் ஜெல்லும், தூங்கும் முன் போட 100 மில்லிகிராம் புரோஜெஸ்டிரோன் கேப்ஸ்யூலும் எழுதிக்கொடுத்தார். நான்கு மாதத்தில் தகிப்பு நன்றாகக் குறைந்துவிட்டது. கேப்ஸ்யூல்தான் ஒத்துக்கொள்ளவில்லை. போட்டால் தலை கிறுகிறுக்கிறது, அடித்துப் போட்டாற்போல் தூக்கம் வருகிறது. (ராத்திரி இரண்டு தடவை மாமியாரை பாத்ரூமுக்குக் கூட்டிப் போக வேண்டும். என் கணவருக்குத் தூக்கம் கெட்டால் மறுநாள் வேலையில் சிரமம் என்பதால் நான்தான் எழுந்திருப்பேன். அதனால் கேப்ஸ்யூலை வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் போடுகிறேன்.) இயற்கை புரோஜெஸ்டிரோன் க்ரீம் பூசினாலே போதும் என்கிறாள் தோழி. அக்கா வேறு மாத்திரை போடுகிறாள். நாத்தனார் கருப்பைக்குள் ஏதோ வைத்திருக்கிறாள். புரோஜெஸ்டிரோனால் மார்பகப் புற்றுநோய் வரும் என்றும் படித்தேன். இதில் எது நல்லது?

பதில்:

நான்கு விதமான மருந்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் உங்கள் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் மூன்று வாக்கியங்களைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். உங்கள் பிரச்சினை முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

ஜெல்லைத் தினமும் பூசுகிறீர்கள், கேப்ஸ்யூலை வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போடுகிறீர்கள். நான்கு மாதமாக. இதை உங்கள் டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் அவர் சும்மா விட்டிருக்க மாட்டார். நீங்கள் எனக்கு எழுதவும் வேண்டி வந்திருக்காது. அவரிடம் "எல்லாம் ஒழுங்காப் போடுறேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். முப்பது வருஷத்துக்கும் மேலாகப் பெண்கள் நல மருத்துவராக இருந்துவிட்டேன். இந்தப் பொய்யை எத்தனை பேர் என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் தகிப்பைக் குறைத்தது ஜெல்லில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன். கேப்ஸ்யூல் அதற்காகக் கொடுக்கப்பட்டதில்லை. அது உங்கள் கருப்பையைக் காப்பதற்கு. ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்சுவரை வளரச் சொல்லும், புரோஜெஸ்டிரோன் போதும் நிறுத்து என்று சொல்லும். நிறுத்தச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் அந்தச் சுவர் தடித்துக்கொண்டே போகும். சிலருக்கு அதன் செல்கள் தாறுமாறாகி, கடைசியில் புற்றுநோயில் போய் முடியும். ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுத்த பெண்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் கூடுகிறது என்பது 1975-லேயே தெரிந்துவிட்டது. பெப்பி என்ற சோதனையில் (கருப்பை பற்றிய முடிவு 1996-ல் வெளியானது), கருப்பை உள்ள பெண்களுக்கு மூன்று வருஷம் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 62 பேருக்கு உட்சுவர் ஏதோ ஒரு வகையில் அளவுமீறி வளர்ந்திருந்தது. கூடவே புரோஜெஸ்டிரோனோ அதைப் போன்ற மருந்தோ எடுத்தவர்களுக்கு அப்படி ஆகவில்லை. அந்தச் சோதனையில் கொடுத்தது மாத்திரை, நீங்கள் பூசுவது ஜெல். ஆனால் ரத்தத்தில் கலந்த பிறகு கருப்பைக்கு இரண்டும் ஈஸ்ட்ரோஜன்தான்.

மாதவிடாய் முழுதாக நின்று ஒரு வருஷம் கடந்தவர்களுக்கு, வழக்கமான ஈஸ்ட்ரோஜன் அளவுக்குத் துணையாக, 100 மில்லிகிராம் தினமும் என்பது கணக்கு. இன்னும் விட்டுவிட்டு மாதவிடாய் வருகிறவர்களுக்கு மாதத்தில் 12 முதல் 14 நாள் தொடர்ச்சியாக 200 மில்லிகிராம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் என்று எந்தக் கணக்கிலும் கிடையாது. அது உங்கள் வீட்டுத் தூக்கத்துக்காக நீங்களே போட்டுக்கொண்ட கணக்கு.

சரி, தூக்கத்துக்கு வருவோம். வாய்வழி போடும் புரோஜெஸ்டிரோன் கல்லீரலைக் கடக்கும்போது அதில் ஒரு பகுதி அலோபிரெக்னனோலோன் என்ற பொருளாக மாறுகிறது. அது மூளையில், தூக்க மாத்திரைகள் சில வேலை செய்யும் அதே இடத்தில் போய் வேலை செய்கிறது. அதனால்தான் தூங்கும் முன் போடச் சொல்கிறோம். போட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு உச்சத்துக்குப் போகும். சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் இன்னும் அதிகமாக உறிஞ்சப்படும், மயக்கமும் கூடும். நீங்கள் சாப்பிட்ட கையோடு போடுகிறவராக இருந்தால் அதை மாற்றிப் பாருங்கள். மாதவிடாய் நின்று தூக்கமில்லாமல் தவிக்கும் பெண்களில் பலர் இந்தத் தூக்கத்துக்காகவே இந்தக் கேப்ஸ்யூலை விரும்புகிறார்கள். உங்களுக்கும் அது தூக்கத்தைத்தான் கொடுக்கிறது. அதை வேண்டாம் என்று தள்ளும் நிலையில் உங்கள் வீடு உங்களை வைத்திருக்கிறது.

கேப்ஸ்யூல் போடும் அந்த இரண்டு மூன்று ராத்திரி மாமியாருக்காக எழுந்தது யார்? அதை நீங்கள் எழுதவில்லை. நீங்களேதான் என்று நினைக்கிறேன். தலை கிறுகிறுக்க, கால் நிலைக்காமல், வயதான ஒருவரை இருட்டில் தாங்கிப் பிடித்துக் கூட்டிப் போகிறீர்கள். அவர் தடுமாறினால் உங்களால் பிடிக்க முடியுமா? அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பலர் பழையபடி நடப்பதில்லை. மாமியாரைப் பார்த்துக்கொள்வதாக நினைத்துக்கொண்டு இரண்டு பேரையும் ஆபத்தில் வைத்திருக்கிறீர்கள்.

நான் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளக் கூடாது என்று சொல்கிறவள் இல்லை. வீட்டில் இருக்கும் முதியவருக்கு ராத்திரி எழுந்திருப்பதைவிடப் பெரிய கடமை ஒன்றும் கிடையாது என்று நம்புகிறவள். அந்தக் கடமை முதலில் பெற்ற பிள்ளையுடையது. மருமகள் செய்வது அதற்கு அப்புறம்தான். என் மாமியார் படுக்கையில் விழுந்தபோது ராத்திரி எழுந்தது என் கணவர். அதை அவர் ஒரு நாளும் "உதவி" என்று சொன்னதில்லை. தன் அம்மாவுக்குத் தான் செய்வதை அவர் ஏன் உதவி என்று சொல்ல வேண்டும்?

உங்கள் கணவருக்குத் தூக்கம் கெட்டால் மறுநாள் வேலையில் சிரமம். உங்களுக்கு? உங்கள் மறுநாளைப் பற்றி அந்த அடைப்புக்குறிக்குள் ஒரு வார்த்தை கூட இல்லையே. அவரிடம் ஒரு தடவையாவது கேட்டீர்களா? கேட்டு அவர் முடியாது என்று சொல்லியிருந்தால், தப்பு அவர் மேல். கேட்கவே இல்லையென்றால், அவருக்குத் தன் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வாய்ப்பையே நீங்கள் கொடுக்கவில்லை. நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் இரண்டாவது வகை. மனைவி கேட்டிருக்க மாட்டாள், உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருப்பாள். அந்த மனுஷருக்கு நடப்பதே தெரியாது.

இன்று ராத்திரியே அவரிடம் பேசுங்கள். கேப்ஸ்யூலின் மயக்கம் ராத்திரியின் முதல் பாதியில்தான் அதிகம். அதனால் முதல் தடவை எழுந்திருப்பது அவர் பொறுப்பு. விடியற்காலையில் தலை தெளிவாக இருந்தால் இரண்டாவதை நீங்கள் பார்க்கலாம், தெளிவில்லாத நாளில் அதுவும் அவருடையது. மகன் கூட்டிப் போக மாமியார் கூச்சப்பட்டால் கட்டிலோரத்தில் வைக்கும் கழிப்பறை நாற்காலி ஒன்று வாங்குங்கள். அவரைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு மகன் வெளியே நிற்கலாம். அப்புறம், மாமியார் ஏன் தினமும் இரண்டு தடவை எழுந்திருக்கிறார் என்று அவருடைய டாக்டரிடம் கேட்டீர்களா? சர்க்கரை, சிறுநீர்த் தொற்று, சாயங்காலம் போடும் நீர் பிரியும் மாத்திரை என்று சரிசெய்யக்கூடிய காரணமாகவும் இருக்கலாம்.

இனி நீங்கள் கேட்டவை.

க்ரீமைத் தொடாதீர்கள். தோல் வழியாக ரத்தத்துக்குப் போகும் புரோஜெஸ்டிரோன் கருப்பை உட்சுவரைக் காக்கப் போதாது. ஈஸ்ட்ரோஜன் தோல் வழியாக நன்றாகப் போகிறது, அதனால் இதுவும் போகும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். காட்டு வள்ளிக்கிழங்குச் சாறு சேர்த்த க்ரீம்கள் இன்னும் மோசம். அந்தக் கிழங்கில் இருக்கும் டயோஸ்ஜெனின் என்ற பொருளிலிருந்து 1940-களில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற வேதியியலாளர் புரோஜெஸ்டிரோன் தயாரித்தது உண்மைதான். அது ஆய்வுக்கூடத்தில், பல படிகளில் நடந்தது. மனித உடம்பால் அந்த மாற்றத்தைச் செய்ய முடியாது. இன்னொன்றையும் உங்கள் தோழியிடம் சொல்லுங்கள். நீங்கள் பாதி நாள் போடாமல் வைத்திருக்கும் கேப்ஸ்யூலில் இருப்பது மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோன். பெண்ணின் உடம்பில் சுரக்கும் அதே மூலக்கூறு, உடம்பு உறிஞ்சுவதற்காக நுண்ணிய துகளாக்கியது. இயற்கையானதுதான் வேண்டுமென்றால் அது ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. (சில தயாரிப்புகளில் கடலை எண்ணெய் இருக்கும். கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் உறையைப் படித்துவிட்டுப் போடவேண்டும்.)

உங்கள் அக்கா போடுவது என்ன மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. டைட்ரோஜெஸ்டிரோன் என்றால், அது புரோஜெஸ்டிரோனுக்கு மிக நெருங்கிய மருந்து, இந்த அளவுக்குத் தூக்கம் வராது. நார்எத்திஸ்டிரோன், மெட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் என்றால் அவை வேறு குணம் உள்ளவை. கருப்பையை நன்றாகக் காக்கும். ஆனால் சிலருக்கு மனம் சோர்ந்துபோகும், வயிறு உப்பும், மார்பு கனக்கும்.

மார்பகப் புற்றுநோய் பயம் பெரும்பாலும் 2002-ல் தொடங்கியது. அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து நடந்த பெரிய சோதனையை அந்த வருஷம் பாதியில் நிறுத்தினார்கள். அதில் ஈஸ்ட்ரோஜனோடு சேர்த்துக் கொடுத்தது மெட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன், சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. வருஷத்துக்குப் பத்தாயிரம் பேரில் 8 பேருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வந்தது. பிரான்ஸில் பல ஆண்டுகள் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வின் முடிவு 2008-ல் வந்தது. மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோன் எடுத்தவர்களிடம் அந்தக் கூடுதல் தெரியவில்லை. ஆனால் அது கவனித்துப் பார்த்த ஆய்வு, குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்துப் பார்த்த சோதனை இல்லை. அதனால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இருப்பவற்றில் மார்புக்கு இதுவே தேவலை என்று சொல்வேன். மேமோகிராம் எடுக்க வேண்டிய காலத்தில் எடுத்துவிடுங்கள்.

நாத்தனார் வைத்திருப்பது லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற, புரோஜெஸ்டிரோனைப் போன்ற ஹார்மோனைச் சுரக்கும் சாதனமாக இருந்தால் அது மிக நல்ல வழி. மருந்து நேராகக் கருப்பைக்குள்ளேயே இறங்குகிறது, மயக்கம் வராது, தினமும் நினைவு வைத்துக்கொள்ளத் தேவையில்லை. 52 மில்லிகிராம் உள்ளதை ஹார்மோன் சிகிச்சைக்காக வைத்தால் ஐந்து வருஷத்தில் மாற்ற வேண்டும். காப்பர் டி என்றால் அதில் ஹார்மோனே கிடையாது, இந்தக் காரியத்துக்கு உதவாது. இதைக் குழப்பிக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்னொரு வழியும் உண்டு. இதே கேப்ஸ்யூலைப் பிறப்புறுப்பு வழியாக வைத்தால் கல்லீரலை முதலில் கடக்க வேண்டியதில்லை, மயக்கம் வெகுவாகக் குறையும். டாக்டர் சரி என்றால் மட்டும், அவர் சொல்லும் அளவில்.

ஆக, உங்கள் கிறுகிறுப்புக்கு மருந்து வழியில் மூன்று தீர்வு இருக்கிறது: டைட்ரோஜெஸ்டிரோன், கருப்பைக்குள் வைக்கும் சாதனம், பிறப்புறுப்பு வழியாக வைக்கும் கேப்ஸ்யூல். அதில் எதை வேண்டுமானாலும் எடுங்கள். ஆனால் கணவரிடம் பேசுவதைத் தவிர்ப்பதற்காக எடுக்காதீர்கள். சாதனத்தை வைத்துக்கொண்டு, இனி மயக்கமில்லை என்று ஏழு ராத்திரியும் நீங்களே எழுந்துகொண்டிருந்தால் எனக்குச் சம்மதமில்லை.

நாளைக் காலையில் முதல் வேலையாக டாக்டரைக் கூப்பிட்டு, நான்கு மாதமாக நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அவரைப் பார்க்கும்வரை ஜெல்லைப் பூசலாமா என்றும் கேளுங்கள். கருப்பை உட்சுவரின் தடிமனை ஸ்கேனில் பார்க்கச் சொல்லுவார். 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை, தடித்திருந்தால் உள்ளிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பார்கள். இந்த நான்கு மாதத்தில் ஒரு பொட்டுக் கறை பட்டிருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். சிகிச்சை தொடங்கிய முதல் சில மாதங்களில் கறை படுவது சகஜம்தான், ஆனால் கேப்ஸ்யூலை விட்டுவிட்டுப் போட்ட உங்கள் விஷயத்தில் அப்படிச் சொல்லித் தள்ளிவிட முடியாது.

ஸ்கேனில் என்ன அளவு வந்தது என்று எனக்கு எழுதுங்கள். அந்த வாரம் ராத்திரி எழுந்தது யார் என்பதையும் எழுதுங்கள்.