100 ஆக்டேன் ஊற்றினால் தார் பறக்குமா?

ஆஃப்ரோடு வண்டிகள்: வாசகர் கேள்வி – பதில்

என்னுடையது பெட்ரோல் மஹிந்திரா தார், ஆட்டோமேட்டிக். இன்ஜினில் இதுவரை கை வைக்கவில்லை. 100 ஆக்டேன் போட்டால் பிக்கப்பும் மைலேஜும் கூடும் என்கிறார்கள். போடலாமா?
– வாசகர், லாஸ்பேட்டை

கோடை வெயிலில் பிக்கப் கொஞ்சம் தெளியலாம். ஆனால் கூடுதலாகக் கொடுத்த காசு மைலேஜில் திரும்பி வராது.

பெட்ரோலில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதை ஆக்டேன் சொல்வதில்லை. பிஸ்டன் மேலேறி நசுக்கும்போது, ஸ்பார்க்குக்குக் காத்திராமல் தானாகவே பற்றிக்கொள்ளாதபடி பெட்ரோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைத்தான் சொல்கிறது. 2020-இல் வந்த பிஎஸ்6 (வாகன மாசு) விதியே, சாதாரண பெட்ரோலில் ஆக்டேன் 91-க்குக் குறையக்கூடாது என்றது. இப்போது பெட்ரோலில் கலந்து வரும் எத்தனாலின் சொந்த ஆக்டேன் 108-ஐ ஒட்டி நிற்பதால், அது கலந்த பெட்ரோலுக்குத் தாக்குப்பிடிக்கும் பலம் கூடுமே தவிரக் குறையாது. குறைவது சூடுதரும் திறன். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலில் உள்ள ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்குதான் உண்டு. 20 சதவீதம் கலந்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 7 சதவீத ஆற்றல் போய்விடும்.

உங்கள் 2.0 டர்போ இன்ஜினில், தட்டலை (பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்வதை) உணரும் நாக் சென்சார் இருக்கிறது. மே மாத மதியத்தில் ஏசி போட்டு, நாலு பேரை ஏற்றி மேடேறினால், உள்ளே போகும் காற்று கொதிக்கும். தட்டல் வரும் சாயல் தெரிந்ததுமே இசியூ (இன்ஜினை இயக்கும் கணினி) ஸ்பார்க்கைப் பின்னுக்கு இழுத்துவிடும், அதாவது தாமதமாக்கிவிடும். அப்போதுதான் வண்டி மந்தமாகிறது. உயர் ஆக்டேன் உதவுவது அந்த இடத்தில் மட்டும். இசியூ எதையும் பின்னுக்கு இழுக்காத நேரத்தில் 100 ஊற்றினாலும் ஒன்றும் நடக்காது.

யூகிக்க வேண்டாம், பார்த்துவிடலாம். வண்டியின் ஓபிடி (பழுதறியும்) சாக்கெட்டில் புளூடூத் அடாப்டரைச் செருகி, செல்போன் செயலியில் ‘டைமிங் அட்வான்ஸ்’ (ஸ்பார்க் எவ்வளவு முன்னதாக வருகிறது), ‘இன்டேக் ஏர் டெம்பரேச்சர்’ (உள்ளே போகும் காற்றின் வெப்பம்) இரண்டையும் பதிவு செய்யுங்கள். ஒரே சாலை, ஒரே நேரம், மேனுவல் மோடில் மூன்றாம் கியர், 2,000-லிருந்து 4,000 ஆர்பிஎம் வரை முழு மிதி. டேங்கைக் கால்வாசிக்கு இறக்கிய பிறகே புது பெட்ரோல் போடுங்கள். 91 ஆக்டேன் 15 லிட்டர் மிச்சமிருக்கும்போது 100 ஆக்டேன் 40 லிட்டர் ஊற்றினால் கிடைப்பது 97.5தான். பழைய பெட்ரோலில் ஓட்டியபோதும் புதியதில் ஓட்டியபோதும் டைமிங் ஒரே அளவில் நின்றால், பழைய பெட்ரோலே போதும்.

இன்னொன்று. உயர் கியரில் 1,500 ஆர்பிஎம்மில் வண்டியைத் திணறவிட்டு மிதிக்கும்போது ‘டங்’ என்று ஒரே ஒரு அடி கேட்டால், அது வேறு நோய். டர்போ டைரக்ட் இன்ஜெக்‌ஷனுக்கே உரியது, பிஸ்டனை உடைக்கக்கூடியது. ஆக்டேனை நம்பி அதை விட்டுவைக்காதீர்கள். ஏபிஐ எஸ்பி தர ஆயிலுக்கு மாறுங்கள், சேற்றில் 4எல் (நான்கு சக்கர லோ கியர்) போட்டு ஆர்பிஎம்மை மேலே வைத்திருங்கள்.

டீசல் தாரில் டியூனிங் பாக்ஸ் மாட்டினேன். டேஷ்போர்டில் மைலேஜ் கூடியிருக்கிறது, ஆனால் மாத டீசல் செலவு குறையவில்லை. கரும்புகை வேறு. ஏன்?
– வாசகர், நெல்லிக்குப்பம்

டேஷ்போர்டு ஏமாந்திருக்கிறது. இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை ரயில் பிரஷர் சென்சாருக்கும் (இன்ஜெக்டருக்குப் போகும் டீசலின் அழுத்தத்தை அளப்பது) இசியூவுக்கும் நடுவில் உட்காருகின்றன. உண்மையான அழுத்தத்தைவிடக் குறைத்துச் சொல்கின்றன. “அழுத்தம் போதவில்லை” என்று இசியூ பம்பை ஏற்றுகிறது. இன்ஜெக்டர் திறக்கும் நேரம் அதேதான், ஆனால் அதே நேரத்தில் அதிக டீசல் பாய்கிறது. மைலேஜ் கணக்குப் போடுவது இசியூ. அது பழைய அழுத்தத்தை வைத்துக் கணக்கிடுவதால், குடித்த டீசல் கணக்கில் குறைவாக விழுகிறது.

எரியாத டீசல்தான் கரும்புகை. பிஎஸ்6 வண்டியில் அது டிபிஎஃப் எனும் புகைக்கரி வடிகட்டியில் போய்ச் சேரும். அடைப்பு கூடக்கூட, அதை எரித்துச் சுத்தம் செய்யும் ரீஜெனரேஷன் அடிக்கடி நடக்கும், அதற்கும் டீசல் செலவாகும். பெட்டியின் அளவைக் கடைசிப் படிக்கு இறக்குங்கள். அப்படியும் புகை வந்தால் கழற்றுங்கள். இசியூவை முறையாக ரீமேப் செய்தால் (அதன் மென்பொருளையே மாற்றினால்) டீசல் அளவு, டர்போ அழுத்தம், டார்க் (சுழல்விசை) வரம்பு மூன்றையும் சேர்த்து மாற்றலாம். பெட்டிக்கு அது முடியாது.

எதைச் செய்தாலும் வாரண்டி போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவதும் இதைத்தான்.

245/75 ஆர்16 டயரை எடுத்துவிட்டு 285/70 ஆர்17 போட்டேன். மைலேஜ் 9.5-க்கு விழுந்துவிட்டது. டியூன் செய்தால் சரியாகுமா?
– வாசகர், பண்ருட்டி

முதலில் கணக்கைச் சரிசெய்வோம். பழைய டயரின் விட்டம்: 245-இல் 75 சதவீதம் 183.75 மி.மீ., அதன் இருமடங்கு 367.5, ரிம் 16 அங்குலம் என்றால் 406.4. மொத்தம் 774 மி.மீ. புதியது இதே வழியில் 831. சக்கரம் 7 சதவீதத்துக்குச் சற்று மேலே பெரிதாகிவிட்டது, மீட்டருக்கு அது தெரியாது. மீட்டர் 400 கி.மீ. காட்டும்போது நீங்கள் ஓடியிருப்பது 429. 42 லிட்டருக்கு மீட்டர் கணக்கில் 9.5, உண்மையில் 10.2. ஸ்பீடு கேமரா விஷயத்திலும் இதை மறக்காதீர்கள்.

மிச்சக் குறைவுக்குக் காரணம் டயரின் எடை, அகலம், முரட்டுப் பட்டன்கள். கியரும் 7 சதவீதம் நீண்டதுபோல் ஆகிவிடும். முன்பு ஆறாம் கியரில் இழுத்த வேகத்தில் இப்போது ஐந்தாம் கியர்தான் சரி. திணறவிட்டு ஓட்டினால் டீசல் கூடுதலாகத்தான் போகும். மேலே கேரியர் இருந்தால் தேவைப்படாத நாளில் கழற்றி வையுங்கள். ஹைவேயில் அதுவே ஒரு குட்டிப் பாய்மரம்.

உங்கள் பக்கத்து முந்திரித் தோப்பு மணலில் டயர் காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்குவது சரிதான். ஆனால் தார்ச்சாலைக்கு ஏறுமுன் பழைய அளவுக்கு ஏற்றுங்கள். 18-லேயே வீடுவரை ஓட்டினால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும், மைலேஜும் அங்கேதான் கரையும். (தேவனாம்பட்டினம், நரம்பை கடற்கரை மணலில் ஏற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடும் கரை அது.)

மைலேஜ் பார்க்கும் முறை: ஒரே பங்க், ஒரே நாசில், நாசில் தானாக நிற்கும் முதல் ஆட்டோ கட்டிலேயே நிறுத்த வேண்டும். “ரவுண்டா போட்டுடலாம் சார்” என்றால் மறுத்துவிடுங்கள். மூன்று டேங்க் சராசரி எடுத்தால்தான் அது எண்.

முள்ளோடையில் பெட்ரோல் போட்டால் மைலேஜ் குறைகிறது. புதுச்சேரி பெட்ரோல் தரம் குறைவா?
– வாசகர், மஞ்சக்குப்பம்

எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) தரம்தான். விலையைக் குறைப்பது வரி. ஒரு குறிப்பிட்ட பங்க் மீது சந்தேகம் இருந்தால் ஃபில்டர் பேப்பர் கேளுங்கள். ஒரு சொட்டு விட்டால் இரண்டு நிமிடத்தில் கறையின்றிக் காய வேண்டும். அளவில் சந்தேகமென்றால் 5 லிட்டர் முத்திரைக் குவளையில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டும் உங்கள் உரிமை.

அதற்காகவே போய்வருவது லாபமா என்பது வேறு. லிட்டருக்கு 6 ரூபாய் வித்தியாசம், போய்வர 24 கி.மீ., வண்டி 10 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 40 லிட்டரில் மிச்சம் 240 ரூபாய். வழியில் எரிந்த 2.4 லிட்டரின் விலையும் கிட்டத்தட்ட அதுவே.

ஓபிடியில் செருகும் ‘ஃபியூயல் சேவர்’ வாங்கலாமா?
– வாசகி, அரியாங்குப்பம்

வேண்டாம். பிரித்துப் பார்த்தால் இரண்டு மூன்று எல்இடியும் அவற்றை மினுக்க ஒரு சிப்பும்தான் இருக்கும். வண்டியோடு பேசும் கம்பிகள் பலவற்றில் இணைக்கப்பட்டிருப்பதுகூட இல்லை.

பழைய கார்புரேட்டர் ஜிப்சி. காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமம், மிதித்தால் ஒரு நொடி மூச்சுவாங்குகிறது, பெட்ரோல் வாடை அடிக்கிறது. எத்தனால்தான் காரணமா?
– வாசகர், சிதம்பரம்

பெரும்பாலும் ஆம். வாடையை முதலில் பாருங்கள், அது தீப்பிடிக்கும் விஷயம். டேங்கிலிருந்து பம்ப் வரை ரப்பர் குழாயை விரலால் தடவுங்கள். பிசுபிசுப்போ, வளைத்தால் நுண்ணிய வெடிப்போ தெரிந்தால் முழுவதையும் மாற்றுங்கள். மேலே ‘ஜே30 ஆர்9’ என்று அச்சிட்ட குழாய் வாங்குங்கள், அதன் உள்பூச்சு எத்தனாலைத் தாங்கும். பழைய டேங்கின் கசடை எத்தனால் கரைத்துக் கொண்டுவரும், அதனால் ஃபில்டரை முதல் டேங்கோடு ஒருமுறையும் 1,000 கி.மீ.யில் மறுமுறையும் மாற்றுங்கள்.

மூச்சுவாங்குவது கலவை மெலிந்ததால். ஒரு பங்கு சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று போதும் என்றால், 20 சதவீதக் கலப்புக்கு 13.5தான். ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டியில் இசியூ இதைத் தானே சரிக்கட்டும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. மெயின் ஜெட்டை (பெட்ரோல் பாயும் துளை) ஒரு படி பெரிதாக்கி, 50 கி.மீ. ஓட்டி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். பீங்கான் பிஸ்கட் நிறமென்றால் சரி. சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் இன்னும் ஒரு படி. வெளுப்பின்மேல் மிளகுப்பொடி தூவியதுபோல் புள்ளி இருந்தால் இன்ஜின் தட்டுகிறது. அந்த நிலையில், ஸ்பார்க் நேரத்தை மாற்றும் டிஸ்ட்ரிபியூட்டரை முன்னுக்குத் திருப்பவே கூடாது.

மழைக்காலத்தில் வண்டி வாரக்கணக்கில் நிற்குமானால் டேங்கை நிரப்பி வையுங்கள். 2024 நவம்பர் ஃபெஞ்சல் மழையைப் போல வெள்ளம் டேங்க் மட்டத்துக்கு வந்திருந்தால் சாவியைத் திருப்பாதீர்கள். டேங்கின் அடியிலிருந்து ஒரு லிட்டர் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் கோடு போட்டதுபோல் தனி அடுக்கு நின்றால், தண்ணீர் எத்தனாலை இழுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. மேலே நிற்பது ஆக்டேன் இழந்த பெட்ரோல். டேங்கை இறக்கி முழுவதையும் கொட்டிக் கழுவித்தான் ஆக வேண்டும்.