எங்கள் நகரில் தனியார் பள்ளி கட்டப் போகிறார்கள். குடியிருப்போர் சங்கத்தின் எதிர்ப்பு மனுவில் நான் கையெழுத்துப் போடலாமா?

இப்போது இருக்கிற வடிவத்தில் போடாதீர்கள் என்பேன். 30 அடிச் சாலையின் கடைசியில் காலியாகக் கிடக்கும் இடத்தில் பள்ளி வந்தால் காலை நெரிசல், வீட்டு வாசலை மறிக்கும் வண்டிகள், நாள் முழுக்கச் சத்தம் என்று சங்கம் சொல்லும் காரணங்களை எழுதியிருக்கிறீர்கள். அவை எல்லாமே நியாயமான காரணங்கள். ஆனால் மனுவில் கேட்டிருப்பது "பள்ளியே வரக் கூடாது" என்பது. அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை.

சென்னைப் புறநகரில், ஒரு பள்ளிக்கு அடுத்த தெருவில் குடியிருக்கிறேன். அது கட்டப்படும் முன் எங்கள் சங்கத்திலும் இதே சண்டை நடந்தது. ஓய்வு பெற்றவர்கள் ஒரு பக்கம், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்காரர்கள் மறுபக்கம். "வயசான காலத்துல நிம்மதியா இருக்கலாம்னுதான் இங்க வந்து வீடு கட்டினோம்" என்றார் ஒரு பெரியவர். பின்வரிசையில் இருந்த ஒரு பாட்டி எழுந்தார். "ஆறே முக்காலுக்கு என் பேத்தியை அரைத் தூக்கத்துல வேன்ல ஏத்துறேன். பக்கத்துல ஸ்கூல் வந்தா நான் ஏன் வேண்டாங்கணும்?" என்றார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

பள்ளி வந்தது. இன்று எங்களைப் படுத்துவது பிள்ளைகள் இல்லை, வாசல். காலை எட்டேகால் மணிக்குத் தெருமுனையில் நின்று பாருங்கள். ஸ்கூட்டியில் முன்னால் நின்றபடி ஒரு பிள்ளை, பின்னால் பையோடு இன்னொன்று. ஆட்டோ நடு ரோட்டிலேயே நின்று பிள்ளைகளை இறக்கும். உள்ளே நுழைய இடமில்லாத வேன் ரிவர்ஸ் எடுக்கும்போது தண்ணி லாரி எதிரே வந்து நிற்கும். பள்ளியின் கேட் நேரே ரோட்டில் திறப்பதுதான் இத்தனைக்கும் காரணம். கேட்டைச் சில அடி உள்ளே தள்ளி வைத்து, வண்டி ஒரு வழியாக நுழைந்து இன்னொரு வழியாக வெளியேறும்படி வரைபடம் போட்டிருந்தால் பாதித் தொல்லை இருந்திருக்காது. சின்ன வகுப்புக்கும் பெரிய வகுப்புக்கும் அரைமணி நேரம் மாற்றி மணி அடித்தால் மீதியும் குறையும். கட்டடம் எழும்பிய பிறகு மணி நேரத்தை மாற்றலாம், கேட்டை மாற்றுவது லேசில் நடக்காது. அதனால்தான் திட்ட அனுமதிக்கு முன்னாலேயே பேசுங்கள் என்கிறேன்.

அதற்கும் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்த இடம் யாருடையது என்பது. அங்கீகரிக்கப்பட்ட லேஅவுட் வரைபடத்தில் அது பூங்காவாகவோ திறந்தவெளியாகவோ காட்டப்பட்டிருந்தால் பேச்சே வேறு. அப்போது எதிர்ப்பில் நானும் உங்கள் பக்கம். பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது அந்தப் பகுதிவாசிகள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1991இல் அவர்கள் பக்கமே தீர்ப்பு வந்தது. மருத்துவமனையும் நல்ல காரியம்தான். அதற்காகப் பூங்காவை எடுக்க முடியாது என்று ஆகிவிட்டது. லேஅவுட் நகலை சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திலோ (சிஎம்டிஏ), அதன் எல்லைக்கு வெளியே என்றால் நகர் ஊரமைப்பு அலுவலகத்திலோ தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பட்டா நிலமாகவே இருந்து, பள்ளிக்காக நில உபயோகத்தை மாற்றக் கேட்டிருந்தால், செய்தித்தாளில் அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபணை கேட்பார்கள். அதைத் தவற விடாதீர்கள்.

இன்னொன்றில் மட்டும் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள், பிள்ளைகளின் பாதுகாப்பில். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் காசிராமன் தெருவில் 94 பிள்ளைகளை நெருப்புக்குக் கொடுத்தோம். நெருக்கமான தெரு, குறுகலான மாடிப்படி, கூரைக் கொட்டகை. அந்தத் தேதி வரும்போதெல்லாம் இன்னமும் எனக்கு மனசு ஆறுவதில்லை. அதற்குப் பிறகுதான் பள்ளிகளுக்குக் குறைந்தபட்ச நில அளவு கறாராக வந்தது. மாநகராட்சியில் 6 கிரவுண்டு, நகராட்சியில் 10 கிரவுண்டு, கிராம ஊராட்சியில் 3 ஏக்கர் என்று வைத்தார்கள். 6 கிரவுண்டு என்றால் 14,400 சதுர அடிதான், அதில் கட்டடம் போக ஓடியாட எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே பாருங்கள். இரண்டு பக்கமும் கார் நிறுத்தியிருக்கும் உங்கள் 30 அடிச் சாலையில் தீயணைப்பு வண்டி பள்ளி வரை போய்ச் சேருமா என்று கட்டுபவரிடம் கேளுங்கள். அங்கே கார் நிறுத்துவது நாம்தான் என்பதால், அந்தக் கேள்வி நமக்கும் உண்டு.

சத்தத்தைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். மணி, பிரேயர், இடைவேளைக் கூச்சல் எல்லாம் பழகிப்போகும். ஆண்டு விழாவின் மைக்தான் தொல்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும், குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல். இதை எடுத்துச் சொன்னாலே போதும்.

கல்வி உரிமைச் சட்டத்தையும் யாராவது கூட்டத்தில் பேச வேண்டும். தனியார் பள்ளியில் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் அக்கம்பக்கத்து ஏழை, நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு உரியது (சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிக்கு மட்டும் இது பொருந்தாது). உங்கள் நகரில் வீட்டு வேலை செய்யும் அம்மாக்களும், இஸ்திரி போடுபவரும், வாட்ச்மேனும் பக்கத்திலேயே குடியிருந்தால் அவர்கள் பிள்ளைகளும் அந்தப் பள்ளிக்கு விண்ணப்பிக்கலாம். சங்கக் கூட்டத்தில் அவர்களுக்கு நாற்காலி போடுவதில்லை, அவர்களுக்காகவும் நாம்தான் பேச வேண்டும்.

சரி, கையெழுத்துக்கு வருவோம். "பள்ளி வேண்டாம்" என்ற வரியை எடுத்துவிட்டு, கேட் எந்தப் பக்கம் திறக்கும், வேன்கள் வளாகத்துக்குள் நிற்க எவ்வளவு இடம், எந்த வகுப்பு வரை, அதிகபட்சம் எத்தனை பிள்ளைகள், போர்வெல் போடுவார்களா, கழிவுநீர் எங்கே போகும், மாலையில் மைதானத்தை உங்கள் நகர்ப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுவார்களா என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். நகலை சங்கத்தின் பெயரில் பள்ளி நிர்வாகத்துக்கும், திட்ட அனுமதி தரும் அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நிர்வாகம் கூட்டத்துக்கு வந்து வாயால் உறுதி கொடுத்தால் ஏற்காதீர்கள், வரைபடத்தில் குறித்துக் காட்டச் சொல்லுங்கள். அப்படி ஒரு மனு வந்தால் தாராளமாகக் கையெழுத்துப் போடுங்கள்.